மதிப்பெண் தேர்வுக்கா, அதிர்ஷ்டத்துக்கா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் வழக்கமாக ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை 30 அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. கடைசிப் பெயர் வாசிக்கப்பட்டுச் சில மணி நேரம்கூட ஆகியிருக்காது. எந்த அணி சாமர்த்தியமாக எடுத்தது, எந்த அணி கோட்டை விட்டது என்று ஏ, பி, சி, டி போட்ட பட்டியல்கள் வந்து குவிந்துவிடும். எடுக்கப்பட்ட இளைஞர்கள் அதுவரை என்பிஏவில் ஒரு நிமிடம்கூட ஆடியிருக்க மாட்டார்கள். இதே வழக்கம் கணினிக்குள் நடக்கும் கற்பனை லீக்குகளிலும் வேரூன்றிவிட்டது. அங்கே வீரர்கள் கற்பனை, ஆட்டங்கள் கற்பனை. அணிகளை நடத்துகிற மேனேஜர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். டிராஃப்ட் முடிந்த கையோடு அவர்களில் ஒருவர் உட்கார்ந்து எல்லா அணிகளுக்கும் மதிப்பெண் போடுவார். பொழுதுபோக்குதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. எதிர்காலம் தெரியாத நிலையில் ஒருவர் எடுத்த தீர்மானம் நல்லதா, மோசமா என்று எதை வைத்துச் சொல்வது? மாணவர் சேர்க்கை முதல் வேலைக்கு ஆள் எடுப்பது வரை எங்கும் எழுகிற இந்தக் கேள்விக்கு, கற்பனைக் கூடைப்பந்து லீக் ஒரு தெளிவான பதிலை வைத்திருக்கிறது. மதிப்பெண் போட வேண்டியது, எடுத்த நேரத்தில் கையில் இருந்த தகவலை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு. பிற்பாடு நடந்ததற்குப் போட்டால் அது பாதிக்கு மேல் அதிர்ஷ்டத்துக்குப் போட்ட மதிப்பெண்ணாகிவிடும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் முதலில் விநோதமாகத் தெரியும். ஏலத்தில் பணம் பேசும். வேண்டிய வீரருக்காக எந்த அணியும் விலையை ஏற்றிக்கொண்டே போகலாம். டிராஃப்ட்டில் வரிசைதான் எல்லாம். முந்தைய சீசனில் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 1985இல் லாட்டரி வந்தது. இப்போது பிளேஆஃப் சுற்றுக்குப் போகாத அணிகளுக்காக, 14 பந்துகள் சுழலும் இயந்திரத்திலிருந்து நான்கு பந்துகளை எடுத்து முதல் இடங்களை முடிவு செய்கிறார்கள். 2019இல் வந்த விதிப்படி, மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம். 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டல்லாஸ் அணிக்கு முதலிடம் விழுந்தது. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃபிளாக் அங்கே போனார். 1989 முதல் டிராஃப்ட் இரண்டே சுற்றுதான். இன்றைய 30 அணிகளுக்கு முழுக் கணக்கில் 60 பேர். முதல் சுற்றில் வருபவரின் சம்பளமும் 1995 முதல் இடத்துக்கேற்ற அட்டவணைப்படிதான். ஆகவே ஒரு வீரருக்காக அணி கொடுக்கிற உண்மையான விலை அந்த இடமே. ஐந்தாம் இடத்தைச் செலவழித்து ஒருவரை எடுத்தால், அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய மற்ற எல்லோரையும் விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று பொருள். மதிப்பெண் போடுபவர் ‘இவர் நல்ல ஆட்டக்காரரா’ என்று கேட்டு நின்றுவிடக் கூடாது. ‘இந்த இடத்தைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு நல்லவரா’ என்று கேட்க வேண்டும்.

கற்பனை லீக் எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். இணைய உலாவியில் இலவசமாக ஆடக்கூடிய ‘பாஸ்கட்பால் ஜிஎம்’ இவ்வகையில் பரவலாகத் தெரிந்த ஒன்று. இதை உருவாக்கியவர் ஜெரமி ஷெஃப் என்ற நிரலாளர். இதில் நாம் பந்தைத் தொடுவதே இல்லை. வீரர்களை எடுப்பது, மாற்றிக்கொள்வது, சம்பளம் பேசுவது, வரவு செலவு பார்ப்பது ஆகியவைதான் நம் வேலை. ஆட்டங்களைக் கணினியே ஆடி முடித்துப் புள்ளிவிவரங்களைத் தந்துவிடும். உயரம், வலிமை, வேகம், எகிறும் திறன், மூன்று புள்ளி வீச்சு, பந்தை அனுப்பும் திறன், தற்காப்பு அறிவு என்று ஒவ்வொரு வீரருக்கும் 15 குணங்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண். இவற்றிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கின்றன. ஒன்று, இன்றைய மொத்தத் திறன். மற்றது, அவர் வளர்ந்து எட்டக்கூடிய உச்சம் பற்றிய கணிப்பு. டிராஃப்ட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் 19 முதல் 22 வயதுக்காரர்கள். அவர்களுக்குத் திரையில் தெரியும் எண்கள் உண்மையான எண்கள் அல்ல. வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும்படி நிரல் எழுதப்பட்டிருக்கிறது. திறமை தேடும் ஸ்கவுட்டிங் பிரிவுக்குப் பணம் அதிகம் ஒதுக்கினால் இந்த மங்கல் சற்றுக் குறையும், அடியோடு போகாது. போதாததற்கு, சீசனுக்குச் சீசன் வீரர் எவ்வளவு வளர்வார் என்பதையும் நிரல் ஓரளவு தற்செயலுக்கு விட்டிருக்கிறது. உச்சம் என்று காட்டப்பட்ட எண்ணைத் தாண்டிப் போகிறவரும் உண்டு, பக்கத்திலேயே வராமல் தேங்குகிறவரும் உண்டு. மேனேஜரின் அறியாமைக்கு இரண்டு அடுக்கு இருக்கிறது. இன்றைய திறன் சரியாகத் தெரியாது. நாளைய வளர்ச்சி யாருக்குமே தெரியாது.

ஒரு தேர்வைக் கிட்டே போய்ப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஐந்தாம் இடத்தில் நிற்கும் மேனேஜர் முன் இரண்டு பெயர்கள். முதலாமவருக்கு வயது 19. இன்றைய திறன் 44, உச்சம் 70. இரண்டாமவருக்கு வயது 22. இன்றைய திறன் 52, உச்சம் 58. அடுத்த சீசனில் யார் உதவுவார் என்று கேட்டால் சந்தேகமில்லாமல் இரண்டாமவர். அதே மேனேஜர் முதலாமவரை எடுத்து, அந்தப் பையன் மூன்று ஆண்டுகள் 48இலேயே தேங்கிவிட்டால், ‘கண்ணெதிரே இருந்த ஆளை விட்டுவிட்டார்’ என்று லீக் முழுவதும் பேசும். ஆனால் கூடைப்பந்தின் கணக்கு வேறு. களத்தில் ஓர் அணிக்கு ஐந்தே பேர். 58 திறனுள்ள இருவரைச் சேர்த்து 75 திறனுள்ள ஒருவராக ஆக்க முடியாது. இருவரும் நிற்க இரண்டு இடம் வேண்டும். அதனால் மேல்மட்ட நட்சத்திரத்தின் மதிப்பு எண்ணில் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகம். 58 திறனுள்ள நடுத்தர ஆட்டக்காரரை எந்தக் கோடைக்காலத்திலும் ஒப்பந்தம் முடிந்து வெளியே வருபவர்களிடமிருந்து பிடித்துவிடலாம். நட்சத்திரம் அப்படிச் சந்தைக்கு வருவது அபூர்வம். ஆகவே ஐந்தாம் இடத்தில் 19 வயதுப் பையனை எடுத்தது, அவர் பாதி வாய்ப்பில் தேங்கிப் போவார் என்று வைத்துக்கொண்டாலும், நல்ல தீர்மானமே. அதே 22 வயது ஆட்டக்காரர் 25ஆம் இடம்வரை கிடைத்து ஒருவர் எடுத்தால், அதுவும் நல்ல தீர்மானம்தான். அவரையே ஐந்தாம் இடத்தில் எடுத்திருந்தால் இந்த மதிப்பெண் கிடைக்காது. ஒரே வீரர், இரண்டு இடங்கள், இரண்டு மதிப்பெண்கள்.

கற்பனை லீக்குக்கு நிஜ லீக்கிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. டிராஃப்ட் தொடங்கும் நிமிடத்தில் லீக் முழுவதையும் ஒரு கோப்பாக நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த 19 வயதுப் பையனை எடுத்துப் பத்து சீசன் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு நகலைத் திறந்து, அதே நிமிடத்திலிருந்து அதே பையனை எடுத்து மறுபடி ஓட்டலாம். எத்தனை முறை ஓட்டினாலும் வாழ்க்கைக் கதை ஒன்றாக அமையாது. ஒரு முறை அவர் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்குவார். இன்னொரு முறை 24 வயதில் அணியிலிருந்து நீக்கப்படுவார். மற்றொரு முறை காயத்தில் ஒரு சீசன் முழுக்கப் போய்விடும். எடுத்தவர் மாறவில்லை, எடுக்கப்பட்டவர் மாறவில்லை, எடுத்த காரணமும் மாறவில்லை. விளைவு மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுகிறது. விளைவை வைத்து மதிப்பெண் போட்டால் ஒரே தீர்மானத்துக்கு ஒரு நாள் ஏ, மறுநாள் டி போட வேண்டிவரும். அளக்கப்படும் பொருள் மாறாதபோது அளவு மாறிக்கொண்டே இருந்தால் அளவுகோலில்தான் கோளாறு. நிஜ உலகில் நமக்குக் கிடைப்பது ஒரே ஓட்டம். அந்த ஒரு ஓட்டத்தில் நடந்ததை, நடந்தே தீர வேண்டியிருந்த ஒன்றாக நினைத்துவிடுகிறோம். பின்னோக்கிச் செய்யப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவற்றின் பிழை இங்கேதான் இருக்கிறது.

நிஜ லீக்கின் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான சாட்சி போர்ட்லாந்து அணி. 1984 டிராஃப்ட்டில் ஹூஸ்டன் முதலாவதாக ஹக்கீம் ஒலாஜுவனை எடுத்தது. இரண்டாவது இடத்தில் போர்ட்லாந்து சாம் போவி என்ற உயரமான சென்டரை, அதாவது கூடைக்கு அருகே நின்று ஆடுபவரை, எடுத்தது. மூன்றாவது இடத்தில் சிகாகோவுக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். 23 ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே போர்ட்லாந்து முதலிடத்தில் கிரெக் ஓடன் என்ற சென்டரை எடுத்தது. இரண்டாவதாகப் போன கெவின் டூரண்ட் மாபெரும் வீரரானார். காயங்கள் ஓடனைத் தின்றன. போர்ட்லாந்துக்காக அவர் ஆடியது 82 ஆட்டங்கள் மட்டுமே. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘போர்ட்லாந்தின் இரு பெரும் தவறுகள்’ என்று சொல்வது வழக்கம். தீர்மானத்தை வைத்து அளந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் வராது. போவி கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கால் எலும்பு முறிவால் இரண்டு சீசன் முழுவதையும் இழந்திருந்தார். அந்தத் தகவல் டிராஃப்ட் இரவில் எல்லார் கையிலும் இருந்தது. முந்தைய ஆண்டு எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் ஜோர்டனின் இடத்தில் ஆடுபவர், அதனால் சென்டர்தான் தேவை என்ற நினைப்பு அந்த எச்சரிக்கையை மறைத்தது. ஓடன் விஷயம் வேறு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக அணியைத் தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். அவரை முதலிடத்தில் வைத்தவர்களே அன்று அதிகம். முழங்காலில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது டிராஃப்ட்டுக்குப் பின், அதே ஆண்டு செப்டம்பரில். முதல் தேர்வைக் குறை சொல்ல அன்றே ஆதாரம் இருந்தது. இரண்டாவதைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் பிற்பாடு நடந்ததைத்தான் சுட்டுகிறார்கள்.

அதே 1984 இன்னொரு பாடத்தையும் தருகிறது. ஜோர்டனை விட்டது போர்ட்லாந்து மட்டுமல்ல, ஹூஸ்டனும்தான். இருந்தும் ஹூஸ்டனை யாரும் கேலி செய்வதில்லை. ஒலாஜுவன் 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வாங்கித் தந்தார். அதனால் அந்தத் தேர்வு கேள்விக்கே உள்ளாகவில்லை. 2003இல் டெட்ராய்ட் செய்தது இதைவிடத் தெளிவான உதாரணம். லெப்ரான் ஜேம்ஸ் முதலாவதாகப் போனபின், இரண்டாவது இடத்தில் டெட்ராய்ட் 18 வயது டார்கோ மிலிசிச்சை எடுத்தது. அடுத்தடுத்து எடுக்கப்பட்டவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவெயின் வேட். ஆந்தனியின் இடத்தில் ஆட டேஷான் பிரின்ஸ் என்ற இளைஞர் ஏற்கெனவே இருக்கிறார் என்பது டெட்ராய்ட்டின் கணக்கில் ஒன்று. அடுத்த ஆண்டே, 2004இல், டெட்ராய்ட் கோப்பையை வென்றது. மிலிசிச் அதில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கோப்பை வந்ததால் தேர்வு சரியாகிவிடுமா? ஆகாது. விளைவை மட்டும் பார்க்கிறவர்கள் நல்ல தீர்மானத்தைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை, மோசமான தீர்மானத்தை மன்னித்தும் விடுகிறார்கள். இரண்டாவது அதிக ஆபத்தானது. தண்டிக்கப்பட்டவர் தன் காரணங்களைத் திரும்பிப் பார்ப்பார். மன்னிக்கப்பட்டவருக்கு அந்த வேலையே இல்லை.

வெற்றிக் கதைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2014இல் டென்வர் அணி 41ஆம் இடத்தில் நிகோலா யோகிச்சை எடுத்தது. 2021, 2022, 2024 ஆகிய மூன்று சீசன்களில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது, 2023இல் கோப்பை என்று அவர் உயர்ந்தார். டென்வரின் தீர்க்கதரிசனம் என்று இன்று இதைப் புகழ்கிறார்கள். அன்றிரவு டென்வர் வேறென்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறும். 11ஆம் இடத்து வீரரைச் சிகாகோவுக்குக் கொடுத்து 16, 19 ஆகிய இரண்டு இடங்களில் எடுக்கப்பட்டவர்களை வாங்கிக்கொண்டது. அந்த 16ஆம் இடத்தில் வந்தவர் யூசுஃப் நுர்கிச்; அவரும் யோகிச்சைப் போலச் சென்டர். யோகிச் என்னவாக வளர்வார் என்று தெரிந்திருந்தால் எந்த அணியாவது 41 வரை காத்திருக்குமா? இரண்டாம் சுற்றில் வரும் பெரும்பாலானவர்களுக்கு லீக்கில் நிலையான இடம் கிடைப்பதில்லை. அங்கே ஓர் ஐரோப்பிய இளைஞர் மீது சிறு பந்தயம் கட்டியது புத்திசாலித்தனம். அதற்கு ஏ போடலாம். ஆனால் அந்த ஏ, மலிவான விலையில் பெரிய வாய்ப்பை வாங்கியதற்கானது. மூன்று விருதுகளையும் முன்கூட்டியே கண்டதாக நினைத்து அதைப் போட்டால், அடுத்த டிராஃப்ட்டில் நாம் யாரிடமும் இல்லாத ஞானக்கண்ணைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

விளைவை வைத்துத் தீர்மானத்தை எடைபோடும் இந்த மயக்கம் கூடைப்பந்து ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. அறுவை சிகிச்சை போன்ற தீர்மானங்களை விவரித்து, தீர்மானம் எடுத்தவர் எவ்வளவு நன்றாக யோசித்தார் என்று மதிப்பிடும்படி கேட்டார்கள். தகவல் ஒன்றே, யோசனை ஒன்றே. முடிவில் நோயாளி பிழைத்தாரா, இறந்தாரா என்பதை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். பிழைத்தார் என்று படித்தவர்கள் அந்தத் தீர்மானத்துக்கே அதிக மதிப்புக் கொடுத்தார்கள். இந்த மயக்கத்தைப் புரிந்துகொள்ளக் கற்பனை லீக்கும் உதவும். பாஸ்கட்பால் ஜிஎம் விளையாட்டில் நிஜ வரலாற்று வீரர்களை வைத்தும் லீக் தொடங்கலாம். அதில் குமிழ் போன்ற ஒரு அமைப்பு உண்டு: வீரர்களின் வளர்ச்சி நிஜ வாழ்க்கையில் நடந்ததை எவ்வளவு பின்பற்ற வேண்டும் என்று நாமே குறிக்கலாம். பூஜ்யத்தில் வைத்தால் எல்லாம் புதிதாக விரியும். நூறில் வைத்தால் நடந்தது நடந்தபடியே நடக்கும். விளைவை வைத்து விமர்சிக்கிறவர் இந்தக் குமிழை நூறில் வைத்துக்கொண்டு பேசுகிறார். தேர்வு செய்த மேனேஜருக்கு அன்றிரவு அப்படி ஒரு குமிழ் கிடைக்கவில்லை.

இதற்கு உடனே எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. விளையாட்டே வெற்றி தோல்விதானே, கோப்பையை விட்டுவிட்டு ‘நன்றாக யோசித்தார்’ என்று பாராட்டி என்ன பயன் என்பார்கள். நியாயமான கேள்வி. அணியின் குறிக்கோள் வெற்றிதான் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மேனேஜரின் கட்டுப்பாட்டில் இருப்பது தீர்மானம் ஒன்றுதான். வெற்றி அதிலிருந்தும் அதிர்ஷ்டத்திலிருந்தும் சேர்ந்து பிறக்கிறது. அடுத்த முறை வெல்லும் வாய்ப்பைக் கூட்ட விரும்புகிறவர், திரும்பச் செய்யக்கூடியது எது என்று பிரித்தறிய வேண்டும். அதிர்ஷ்டத்தைத் திரும்பச் செய்ய முடியாது. வெற்றியின் மேல் உண்மையான அக்கறை இருப்பவருக்குத்தான் தீர்மானத்தைத் தனியாக எடுத்து அளக்க வேண்டிய அவசியம் அதிகம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. விளைவைக் கணக்கில் எடுக்கக் கூடாதென்றால் எந்த மேனேஜரும் தப்பித்துக்கொள்ளலாமே, பத்து ஆண்டுகள் தொடர்ந்து மோசமாக எடுத்தவரும் ‘யோசனை சரி, அதிர்ஷ்டம்தான் இல்லை’ என்று சொல்லிவிடலாமே? இங்கே ஒரு தேர்வுக்கும் பல தேர்வுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தேர்வின் விளைவு கிட்டத்தட்ட எதையும் நிரூபிக்காது. 40 தேர்வுகளின் விளைவைச் சேர்த்துப் பார்த்தால் அதிர்ஷ்டம் இரு பக்கமும் அடித்துக்கொண்டு போய், திறமை மேலே மிதக்கத் தொடங்கும். நிஜ என்பிஏவில் ஒரு பொது மேலாளருக்கு அத்தனை வாய்ப்பு கிடைப்பதற்குள் பதவி போய்விடலாம். கற்பனை லீக்கில் 20 சீசன் ஓடினாலே ஒருவரிடம் இரண்டு சுற்றுகளுமாக 40 தேர்வுகள் வரை சேர்ந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் சராசரியாக என்ன கிடைக்கிறது என்று பார்த்து, அதைவிட இவர் கூடுதலாகப் பெற்றாரா, குறைவாகப் பெற்றாரா என்று ஒப்பிடலாம். யாரும் தப்பிக்க முடியாது. ஒரே ஒரு காயத்தால் யாரும் அநியாயமாகத் தூக்கிலேறவும் வேண்டியதில்லை.

மதிப்பெண் போடுபவருக்கும் இதே கணக்கு பொருந்தும். இதற்கு வானிலை ஆய்வாளர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1950இல் கிளென் பிரையர் ஒரு முறையைச் சொன்னார். மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று ஒருவர் சொல்லி மழை பெய்தால், 1இலிருந்து 0.7ஐக் கழித்து இருபடியாக்க 0.09 வரும். பெய்யாவிட்டால் 0.7இன் இருபடி, 0.49. எண் குறையக் குறைய நல்ல கணிப்பு. ஒரு நாள் கணக்கில் எதுவும் தெரியாது. நாள்கள் சேரச் சேர, யார் நிதானமாகக் கணிக்கிறார், யார் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். டிராஃப்ட் மதிப்பெண்ணிலும் ‘இவர் ஐந்து ஆண்டுகளில் முதல் ஐவரில் ஒருவராக ஆட 60 சதவீத வாய்ப்பு’ என்று எழுதினால் அதைப் பிறகு சோதிக்கலாம். ‘அருமையான தேர்வு’ என்று எழுதினால் எந்த முடிவும் அதைப் பொய்யாக்காது. சோதிக்க முடியாத தீர்ப்பை வழங்குகிறவர் மற்றவர்களின் தீர்மானத்தைச் சோதிக்கும் தகுதியை இழந்துவிடுகிறார்.

கற்பனை லீக்கில் எல்லாம் எண், நிஜ வாழ்க்கை அப்படியா என்பது மூன்றாவது ஆட்சேபம். 19 வயதுப் பையனின் மனவுறுதியை, வீட்டுச் சூழலை, பயிற்சியாளரோடு ஒத்துப்போகும் குணத்தை எந்த நிரலும் காட்டாது என்பது உண்மையே. இந்த வித்தியாசம் என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. எல்லாவற்றையும் எண்ணாக்கி, விதிகளை எழுதிவைத்த உலகத்திலேயே ஒரு வீரரின் எதிர்காலம் இவ்வளவு விரிந்து கிடக்கிறதென்றால், எண்ணில் அடங்காதவை இத்தனை இருக்கும் நிஜ உலகில் அது இன்னும் விரிந்துதான் கிடக்கும். நிஜத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரி ஸ்டா, ஹா ஹோவாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 1980களில் என்பிஏவுக்கு வந்த வீரர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆட்டத் திறனைக் கணக்கில் எடுத்த பிறகும், டிராஃப்ட்டில் முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்குக் களத்தில் அதிக நேரம் கிடைத்தது. அவர்கள் லீக்கில் அதிக காலம் நீடித்தார்கள். செலவழித்த இடத்தை நியாயப்படுத்த அணிகள் அவர்களை ஆடவிட்டுக்கொண்டே இருந்தன. ஆக, நாம் ‘விளைவு’ என்று நம்பி எடுக்கும் புள்ளிவிவரத்திலேயே பழைய தீர்மானத்தின் கை கலந்திருக்கிறது. அந்த விளைவை நடுநிலைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது.

அணியின் தேவையைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு சென்டர் இருக்கும் அணி மூன்றாவது சென்டரை எடுத்தால் மதிப்பெண் குறைய வேண்டாமா? முன்வரிசையில் குறைக்கவே கூடாது என்பேன். போவியும் மிலிசிச்சும் வந்த கதைகளில் ‘தேவை’ என்ற சொல்தான் மதிப்பை மறைத்தது. 19 வயதில் வருபவர் முழுமையாக வளர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்றைய அணியில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். இன்றைய ஓட்டையை அடைக்க நாளைய வீரரை எடுப்பது காலக்கணக்கிலேயே பொருந்தாதது. ஒரே இடத்தில் ஆடும் இருவர் சிறப்பாக வளர்ந்தால் ஒருவரைக் கொடுத்து வேறொருவரை வாங்கிக்கொள்ளலாம். பின்வரிசையில், வீரர்களுக்குள் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் கட்டத்தில் தேவையைப் பார்ப்பது நியாயம். இழப்பதற்கு அங்கே அதிகம் இல்லை.

இவ்வளவு கவலைப்பட இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மதிப்பெண்கள் நடத்தையை மாற்றுகின்றன என்பதுதான் கவலைக்குக் காரணம். துணிந்து எடுத்துத் தோற்றவரை மட்டும் லீக் கிழித்துத் தொங்கவிட்டால், அடுத்த முறை எல்லா மேனேஜர்களும் யாரும் குறை சொல்லாத பெயரையே எடுப்பார்கள். நிஜ மனிதர்கள் மேல் விழும்போது இந்தத் தீர்ப்பு இன்னும் கொடுமையாகிறது. 2015இல் டல்லாஸ் அணி 52ஆம் இடத்தில் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட முதல் வீரர் அவர். என்பிஏ ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. அதை வைத்து அவரைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், 52ஆம் இடத்தின் விலை என்ன என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த வரிசையில் வருபவர்களில் பலர் நிலைக்காமல் போவதுதான் வழக்கம். ஏழு அடிக்கு மேல் உயரமுள்ள 19 வயது இளைஞர் மீது ஓர் அணி அந்தச் சிறு விலையைக் கட்டிப் பார்த்தது நியாயமான தீர்மானம். அங்குவரை போய்ச் சேர்ந்தது அந்த இளைஞரின் சாதனை.

நல்ல டிராஃப்ட் மதிப்பெண் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், அதில் நான்கு விஷயங்கள் வேண்டும். அந்த இடத்தின் வழக்கமான மதிப்பு என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். எடுக்கப்பட்டவர் சிறப்பாக வளர்ந்தால், நடுத்தரமாக வளர்ந்தால், தேங்கினால் என்று மூன்று வழிகளையும் அவற்றின் வாய்ப்போடு எழுத வேண்டும். இவருக்குப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் யார் இருந்தார்கள், இவரே இன்னும் பின்னால் கிடைத்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். தேவைக்கு முன்னதாகப் பாய்ந்து எடுப்பதும் விரயம்தான். கடைசியாக, தேதி போட்டு வைத்து, சில சீசன் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். அப்போது மதிப்பெண்ணைத் திருத்தக் கூடாது. அதன் பக்கத்தில் விளைவைத் தனியாக எழுதி, இரண்டும் எங்கே ஒத்துப்போயின, எங்கே பிரிந்தன என்று பார்க்க வேண்டும். ஏ வாங்கிய தேர்வுகள் ஒரு கூட்டமாக, சி வாங்கியவற்றைவிடச் சிறப்பாக வளர்ந்திருந்தால் மதிப்பெண் போட்டவர் நம்பத்தக்கவர். வித்தியாசமே இல்லையென்றால் அவர் தன் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கற்பனை லீக்கில் ஒரு சீசனை ஓட்ட அதிக நேரமாகாது. தவறாக எடுத்தால் யாருடைய வேலையும் போகாது, யாருடைய கனவும் உடையாது. தீர்மானத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள இதைவிட மலிவான பள்ளி கிடையாது. அந்தப் பழக்கம் கூடைப்பந்தோடு நின்றுவிடுவதில்லை. பயிர் பொய்த்த விவசாயியையும், தொழில் நொடித்தவரையும், தேர்வில் தவறிய மாணவரையும் எடைபோடும்போது, ‘என்ன ஆயிற்று’ என்று கேட்பதற்கு முன் ‘அன்று அவர் கையில் என்ன இருந்தது’ என்று கேட்க அது நம்மைப் பழக்கும். வென்றவரைப் பார்க்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கப் பழகினால்தான், யாரிடம் கற்றுக்கொள்வது, யாரை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது என்ற நம்முடைய தீர்மானங்கள் உருப்படும்.